விலையில்லா அருவி

நுழையும்முன்

பயணம் பணமுடையோர்க்கே உரியது என்னும் எண்ணம் இன்று பரவி வருகிறது. ஊர்தி, விடுதி, உணவு என ஒவ்வொன்றும் விலைப்பட்டியலுடன் வந்து நிற்கின்றது. இக்காலத்திலும் கையில் சில நூறு ரூபாயுடன் வருவோரை ஒருநாள் முழுதும் மகிழ்வித்து அனுப்பும் ஊர் ஒன்று தென்தமிழகத்தில் உண்டு. அந்த எளிய மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது, அதைக் காப்பவர் யார் என்பவற்றை இவ்வுரைநடை எண்ணிப் பார்க்கிறது.

வாயிற்கதவு உள்ள கடற்கரை

நாட்காட்டித் தாள்களிலும் கைப்பேசித் திரைகளிலும் தீவுகளின் படங்கள் அடிக்கடி கண்ணிற் படுகின்றன. வெண்மணல், சாய்ந்த தென்னை, நீலக்கடல், ஆளரவமற்ற கரை. அப்படங்களின் கவர்ச்சியில் பாதி, அக்கரையில் வேறு எவரும் இல்லை என்பதில்தான் அடங்கியிருக்கிறது. அந்தத் தனிமை தானாக அமைவதன்று, விலைக்கு விற்கப்படுவது. மாலத்தீவில் ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே நெடுங்காலம் சுற்றுலாவின் நடைமுறையாக இருந்தது. உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் சிறிய விருந்தினர் இல்லங்கள் நடத்த வழி பிறந்தது 2009ஆம் ஆண்டை ஒட்டித்தான். அதன் பிறகே சிறுசெலவில் செல்வோரும் அங்குத் தங்கிக் கால் நனைக்க முடிந்தது. கடல் எல்லார்க்கும் பொது. கரைக்குச் செல்லும் வழியில்தான் வாயிற்கதவு நிற்கிறது.

தென்காசிக்கு அருகே, சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குற்றாலத்தில் அருவிக்கு அத்தகைய கதவு இல்லை. ஊர்தியை நிறுத்தக் கட்டணம் உண்டு. அறைக்கு வாடகை உண்டு. பேரருவியின் கீழ்த் தலையை நீட்டுவதற்கு எவரும் எதுவும் தரவேண்டியதில்லை. அங்கு எல்லார்க்கும் கிடைக்கும் தலைசிறந்த பொருளுக்கு விலையே இல்லை என்பதுதான் குற்றாலத்தின் தனிச்சிறப்பு.

மலையேறி வரும் கடல்

ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் வாடிக்கொண்டிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத்தொடர்ச்சி மலையில் மோதித் தன் மழையைப் பெரும்பாலும் கேரளப் பக்கத்திலேயே பொழிந்துவிடுகிறது. கிழக்குப்பக்கம் மழைமறைவுப் பகுதியாகிறது. ஆயினும் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலைத்தொடர் தாழ்ந்து காற்றுக்கு வழிவிடுகிறது. அவ்வழியே குளிர்ந்த காற்றும் மெல்லிய தூறலும் தென்காசி வட்டாரத்துள் நுழைகின்றன. அத்தூறலுக்கு மக்கள் இட்ட பெயர் சாரல். அப்பருவத்தைச் 'சீசன்' என்று வட்டாரமே சொல்லும். 'சீசன் தொடங்கிவிட்டதா?' என்னும் கேள்வி அந்நாள்களில் நலம் விசாரிப்பின் பகுதியாகவே ஆகிவிடுகிறது.

மலைமேல் பொழியும் மழைநீரைக் காடு உடனே விட்டுவிடுவதில்லை. இலைச்சருகும் வேரும் மண்ணும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. அக்கசிவுகள் கூடிச் சிற்றாறாகின்றன. தேனருவி, செண்பகாதேவி அருவி எனக் காட்டினுள் விழுந்தும் தவழ்ந்தும் வரும் அந்நீர், பேரருவியாய் ஊருக்குள் இறங்குகிறது. இறங்கும் வழியில் பாறையில் ஆழ்ந்த பள்ளம் ஒன்று உள்ளது. மேலிருந்து பாயும் வெள்ளம் முதலில் அதனுள் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்த பிறகே கீழே வழிகிறது. முதியவரும் சிறுவரும் அருவியின்கீழ் நிற்க முடிவது அப்பள்ளத்தால்தான். அதன் பெயர் பொங்குமாகடல். கடற்பயணம் செல்ல வாய்ப்பில்லாதவரைத் தேடிக் கடலே மலையேறி வந்ததுபோல் அமைந்த பெயர் அது.

கட்டுச்சோறும் கணக்கும்

சிவகாசியில் பட்டாசுத் தொழிலாளர் குடும்பம் ஒன்று குற்றாலம் செல்வதை எண்ணிப் பார்க்கலாம். கணவன், மனைவி, பிள்ளைகள் இருவர், ஒரு பாட்டி. பயணம் முடிவானதும் வீட்டில் முதலில் தொடங்குவது கணக்கு. வார இறுதியில் கூட்டமும் விலையும் மிகும். ஆதலால் வாரநாள் ஒன்றில் ஒருநாள் கூலியை விட்டுக் கிளம்புகிறார்கள். அந்தக் கூலியும் செலவுக் கணக்கில் சேர்கிறது. மதுரையிலிருந்து இராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகச் செங்கோட்டை செல்லும் பயணியர் தொடர்வண்டி சிவகாசியிலும் நின்று செல்கிறது. அதில் தென்காசி வரை செல்லக் கட்டணம் குறைவு. அங்கிருந்து நகரப் பேருந்து. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை என்பதால், தாய்க்கும் பாட்டிக்கும் மகளுக்கும் அந்தச் செலவும் மிச்சம்.

உணவு வீட்டிலிருந்தே புறப்படுகிறது. முதல்நாள் இரவே காய்ச்சிய புளிக்கரைசலில் விடியற்காலைச் சோற்றைக் கிளறுகிறார்கள். தேங்காய்த் துவையல், வறுத்த அப்பளம், தூக்குச்சட்டியில் தயிர்ச்சோறு. குளித்துக் களைத்த உடம்புக்குப் பசி நெருப்பாய் எழும். அப்போது மரத்தடியில் அமர்ந்து பிரிக்கும் கட்டுச்சோற்றின் சுவையை விடுதிச் சாப்பாடு எட்டுவதில்லை. வாங்கும் பண்டம் ஒன்றிரண்டே. சாரலில் நனைந்து நிற்கையில் ஆவி பறக்கும் மிளகாய் பஜ்ஜி, பிள்ளைகளுக்குப் பழம்.

பருவத்தில் குற்றாலத்துக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும். விலை சற்றுக் கூடுதல்.

"யம்மா, ஒரு கிலோ வாங்குவமா?" என்கிறான் மகன்.

"கால் கிலோ வாங்குவோம்யா. ஆளுக்கு ரெண்டு சுளை வந்தாப் போதாதா?" என்கிறாள் தாய்.

மங்குஸ்தான் பழத்தின் அடியில் சிறுபூப்போல ஒரு வடு இருக்கும். அப்பூவுக்கு எத்தனை இதழோ, பழத்தினுள் அத்தனை சுளை. கடைக்காரர் அதைச் சொல்லிக்கொடுக்க, மகள் ஒவ்வொரு பழமாகப் புரட்டி இதழெண்ணித் தேர்ந்தெடுக்கிறாள். கிலோக் கணக்கில் வாங்குவோர்க்கு இந்த எண்ணிக்கை தேவைப்படுவதில்லை. ஆதலால் அவர்கள் இந்தப் பூவைப் பார்ப்பதும் இல்லை.

அன்று மாலை அக்குடும்பம் திரும்பும்போது, ஆண்டு முழுதும் மருந்துத்தூளும் வெக்கையும் பழகிய உடல்கள் குளிர்ந்திருக்கின்றன. செலவான தொகையும் கைக்கடக்கமாகவே இருக்கிறது. இரவு தங்க விரும்புவோர்க்கும் குற்றாலத்தில் பெருவிடுதிதான் கதி என்பதில்லை. பலரும் முன்னாளில் எழுப்பிவைத்த சத்திரங்களும் மடங்களும் உள்ளன.

> தெரிந்து தெளிவோம்
>
> பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றால அருவி, பழத்தோட்ட அருவி, செண்பகாதேவி அருவி, தேனருவி முதலியன குற்றால மலையில் உள்ளவை. நடராசப் பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்றாகிய சித்திரசபை குற்றாலத்தில் அமைந்துள்ளது. திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வட்டாரம், 2019 நவம்பர் 22 முதல் தென்காசியைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டமாகச் செயற்படுகிறது.

யாருடைய மலை?

அருவியின்கீழ் நிற்பவரிடம் பதவியின் அடையாளம் எதுவும் மிஞ்சுவதில்லை. நனைந்த துண்டும் நனைந்த தலையும் எல்லார்க்கும் ஒன்றே. தண்ணீரின் இரைச்சலில் ஆணையிடும் குரலும் கெஞ்சும் குரலும் ஒன்றுபோலவே அமிழ்ந்துவிடுகின்றன. உள்ளே நுழைய அஞ்சும் முதியவரை முன்பின் அறியாத இளைஞர் ஒருவர் கைப்பிடித்து இழுத்து நிறுத்துகிறார். சற்றுநேரம் குளித்தவர் விலகிப் பின்னால் நிற்பவர்க்கு இடம் தருகிறார். இந்த ஒழுங்கை எந்த அறிவிப்புப் பலகையும் முழுமையாகக் கற்றுத்தந்துவிட முடியாது.

இந்த மலைக்கு உரியவர் யார் என்பதைத் தமிழிலக்கியம் முன்பே எண்ணியிருக்கிறது. தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். அந்நூலில் குற்றால மலையின் வளத்தை விரித்துரைப்பவர் அரசரோ நிலக்கிழாரோ அல்லர். ஊர்ஊராகச் சென்று குறிசொல்லிப் பிழைக்கும் குறத்தி. அம்மலையைத் தன் இனத்தார் மலை என்றே அவள் உரிமையுடன் பேசுகிறாள். பட்டயம் ஏதும் அவள் கையில் இல்லை. மலையை அறிந்திருப்பதே அவளுக்கு உரிமை.

20ஆம் நூற்றாண்டில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாதர் (1882–1954) குற்றாலத்தில் வாழ்ந்து, தம் இல்லத்தைக் கம்பன் கவிச்சுவைக்குரிய கூடமாக்கினார். இராஜாஜி, கல்கி போன்றோர் அவரை நாடி அங்கு வந்தனர். அறிஞர்கள் நாடிய அந்த ஊருக்குக் கூலித்தொழிலாளரும் வந்துகொண்டுதான் இருந்தனர்.

விலையில்லாததன் விலை

நுழைவதற்கு விலை இல்லை என்பதால் அருவிக்கு மதிப்பே இல்லை என்று கருதிவிடுவோரும் உண்டு. ஒரு ரூபாய் ஷாம்புப் பொட்டலம் தலைமுடியில் நுரைத்துப் பாறையிடுக்கில் ஒதுங்குகிறது. நெகிழிப்பைகளும் வேண்டாமென்று கழித்துவிட்ட ஆடைகளும் நீரில் மிதக்கின்றன. மறுநாள் விடியுமுன் குனிந்து அவற்றைப் பொறுக்கி எடுப்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். வருவோர் செலுத்தாத கட்டணத்தை அவர்கள் முதுகுதான் செலுத்துகிறது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்துவதை உயர்நீதிமன்றத்தின் மதுரைக்கிளை தடைசெய்திருக்கிறது. குளிப்பவரோடு முடிந்துவிடும் செய்தி அன்று இது. குற்றாலத்தில் குளித்த அதே நீர்தான் சிற்றாறாகத் தென்காசிப் பகுதியின் வயல்களையும் குளங்களையும் நனைத்துச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது.

இன்னொரு தீங்கு இதைவிட நுட்பமானது. இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பித் தம் வளாகத்துக்குள் செயற்கை அருவி அமைத்து, கட்டணம் செலுத்தும் விருந்தினர்க்கு மட்டும் காட்டும் வழக்கம் மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் தலைதூக்கியது. அவ்வாறு நீரைத் திருப்பிய தனியார் விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2022ஆம் ஆண்டில் மதுரைக்கிளை ஆணையிட்டது. நீர் திரும்பினால் அருவி மெலியும். எல்லார்க்கும் பொதுவானது சிலர்க்குரியதாகச் சுருங்கும். தீவின் கரையில் நின்ற வாயிற்கதவு மலையில் முளைக்கும் முறை இதுவே.

அருவிக்கு வேறொரு முகமும் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருக்கெடுத்தது. குளித்துக்கொண்டிருந்தோர் அலறி ஓடினர். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். பதினொன்றாம் வகுப்பில் அமர்ந்திருப்போரின் வயதை ஒத்தவர் அவர். மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை; கீழே வானம் தெளிந்திருக்கும்போதே மேலே வெள்ளம் புறப்பட்டிருக்கலாம். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் குச்சியும் மிதந்து வருதல், இரைச்சல் மிகுதல் ஆகியன முன்னறிவிப்புகள். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழும்போது குளிக்கத் தடை விதிப்பதும் அதனால்தான். தொலைவிலிருந்து செலவழித்து வந்தவர்க்கு அத்தடை ஏமாற்றமே. ஒருநாள் கூலியை இழந்து வந்த குடும்பத்துக்கு அது மேலும் வலிக்கும். ஆயினும் கரையில் நின்று வெள்ளத்தைப் பார்த்துவிட்டு ஐவராய் வந்தவர் ஐவராய்த் திரும்புவதே முழுமையான பயணம்.

காப்பவர்க்கு ஒரு வணக்கம்

குற்றாலத்திலிருந்து திரும்புவோர் கண்ணுக்குத் தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலின் ஒன்பதுநிலைக் கோபுரம் தொலைவிலேயே தெரியும். கணவாய்க் காற்று அக்கோபுர வாயிலில் ஓயாது வீசும். 15ஆம் நூற்றாண்டில் அக்கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், தன் வேண்டுகோள் ஒன்றைக் கல்வெட்டுப் பாடலாகப் பொறித்துவைத்தான். இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை ஏதேனும் நேருமாயின், அதை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறியத் தான் பணிவதாக அம்மன்னன் கூறுகிறான். கட்டியவன் காப்பவரை வணங்குகிறான். அவன் அஞ்சியது போலவே கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்றது. பின்னர்ப் பலருடைய உழைப்பாலும் பொருளாலும் மீண்டும் எழுந்து, 1990இல் குடமுழுக்குக் கண்டது.

கோயிலையாவது மன்னன் ஒருவன் கட்டினான். அருவியைக் கட்டியவர் எவரும் இலர். காற்றும் காடும் பாறையும் சேர்ந்து ஆக்கிய அதற்குக் கல்வெட்டும் இல்லை. ஆனாலும் மன்னனின் அந்த வணக்கம் அருவியைக் காப்பவர்க்கும் பொருந்தும். விடியலில் பாறையிடுக்கைத் துழாவும் தூய்மைப் பணியாளர், நீரோட்டத்தைத் திருப்பாதீர் என்று வழக்காடும் ஊரார், வெள்ளத்தின்போது கூட்டத்தைத் தடுத்து நிறுத்தி வசைகேட்கும் காவலர், உண்டு முடித்த இலையையும் தாளையும் வெறுந்தூக்குச்சட்டியில் திணித்துத் திரும்ப எடுத்துச் செல்லும் பாட்டி ஆகிய அனைவரும் அவ்வணக்கத்துக்கு உரியவர்களே. அவர்கள் உள்ளவரை, அடுத்த ஆண்டு சாரல் விழும்போது சிவகாசியிலிருந்து இன்னொரு குடும்பம் கட்டுச்சோற்றோடு தொடர்வண்டி ஏறும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் கட்டணமின்றி எல்லாரும் பயன்படுத்தும் பொதுவிடம் ஒன்றைத் தேர்ந்து, அதைக் காப்பவர்கள் யார் என உரையாடி அறிந்து எழுதுக.
2. ஐவர் கொண்ட குடும்பம் ஒருநாள் சென்றுவரும் சிக்கனப் பயணத்திற்கான செலவுத் திட்டம் ஒன்றை உருவாக்குக.