நான் சொல்லாமல் விட்ட மாத்திரை

"என்ன சார், ரெண்டு மாசமா பதிவையே காணோம்?" என்று சில நண்பர்கள் கேட்டிருந்தார்கள். காரணத்தை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. யாருக்காவது பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மனைவிக்குச் சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. 2009-ல் சென்னையில் செயற்கை வால்வு வைத்தார்கள். அந்த வகை வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அவளுக்கு வார்ஃபரின். மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. நமக்கெல்லாம் அது 1-ஐ ஒட்டி இருக்கும், அவளுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் ரத்தம் கசியும்.

கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதனால் எங்கள் வீட்டில் கீரை வாரம் இரண்டு நாள், அதே கிண்ணம், அதே அளவு. நான் 34 வருடம் தணிக்கைத் துறையில் இருந்தவன். ஐ.என்.ஆர். கணக்கு முழுவதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டைப் பார்த்து இதய டாக்டரே ஒருமுறை பாராட்டியிருக்கிறார். அந்தப் பெருமைதான் கவிழ்த்துவிட்டது.

போன ஐப்பசி மழையில் அவளுக்கு இடுப்பில், பாவாடை நாடா கட்டும் இடத்தில், படர்தாமரை வந்தது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, மெடிக்கலில் கேட்டு ஒரு ஆயின்மென்ட் வாங்கிப் போட்டிருக்கிறாள். முதலில் அரிப்பு அடங்கி, பிறகு இரண்டு மடங்காகப் படர்ந்தது. ஸ்டீராய்டு கலந்த ஆயின்மென்ட் அப்படித்தான் செய்யும் என்று பின்னால் தெரிந்தது. கடைசியில் தோல் டாக்டரிடம் போனோம்.

அவர் முறையாகத்தான் கேட்டார். "அம்மா, வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "பிரஷருக்கு ஒண்ணு, தைராய்டுக்கு ஒண்ணு. அவ்வளவுதான் டாக்டர்."

வார்ஃபரினை நான் மறைக்கவில்லை. அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை என்பதுதான் உண்மை. சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றியதும் அவள் அதைப் போட்டுக்கொள்வாள். அத்தனை வருடப் பழக்கத்தில் அது மருந்து என்பதே மறந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு. அது இதய டாக்டர் சமாச்சாரம், இது தோல் சமாச்சாரம் என்று என் மனசு இலாகா பிரித்து வைத்திருந்தது. அரசு உத்தியோகப் புத்தி!

ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், வாரம் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு ஒன்று. பத்தாம் நாள் முழங்கையில் கன்றிப்போன மாதிரி ஒரு நீலம். "எங்கேயாவது இடிச்சிருப்பே" என்றேன். மறுநாள் பல் தேய்த்தபோது ஈறிலிருந்து வந்த ரத்தம் அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஐ.என்.ஆர். 7.8.

"புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிட்டாங்களா ஐயா?" என்று கேட்டது அந்த இளம் டாக்டர் பெண்.

"இல்லம்மா, கீரைகூட அதே அளவுதான்" என்றேன் நான்.

படுக்கையிலிருந்து அவள் மெதுவாகச் சொன்னாள்: "படர்தாமரைக்கு ஒண்ணு குடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும்."

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். வார்ஃபரினைச் சிதைத்து வெளியேற்றும் நொதி ஒன்று கல்லீரலில் இருக்கிறது. ஃப்ளூகோனசோல் அந்த நொதியை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும். தொட்டியின் வடிகாலை அடைத்துவிட்டு மோட்டாரை வழக்கம்போல் ஓடவிட்டால் என்ன ஆகும்? அதேதான். தினம் போடும் அதே அளவு வார்ஃபரின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். வாரம் ஒன்றுதானே என்றும் நினைக்க முடியாது; ஃப்ளூகோனசோலில் பாதி வெளியேறவே சுமார் 30 மணி நேரம் ஆகுமாம்.

வார்ஃபரினை நிறுத்தி, வைட்டமின் கே மிகக் குறைந்த அளவு கொடுத்தார்கள். அதைத் தாராளமாகக் கொடுக்கவும் முடியாது, வால்வில் ரத்தம் உறைந்துவிடும். மூன்று ராத்திரி அந்த வார்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூளையில் மட்டும் கசிந்துவிடக் கூடாது என்பது ஒன்றே வேண்டுதல். நான்காம் நாள் 3.1. வீட்டுக்கு வந்தோம்.

பிறகு விசாரித்ததில் தெரிந்தவை சில. என் வயதுக்காரர்கள் கவனிக்கவும்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளோடு ஃப்ளூகோனசோல் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். படர்தாமரைக்கு அதிகம் எழுதப்படும் இன்னொரு மருந்து இட்ராகோனசோல். கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாட்டினோடு அதைச் சேர்க்கவே கூடாது, தசை சிதையும் ஆபத்து உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கும் அது ஆகாது. அந்த கேப்ஸ்யூலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும்; அமிலம் குறைக்கும் பேன்டோபிரசோல் போட்டுக்கொண்டிருந்தால் அது சரியாக உடம்பில் சேராது. டெர்பினாஃபின் என்றால் கல்லீரல் பரிசோதனை அவசியம். கீட்டோகோனசோல் மாத்திரையைக் கல்லீரல் பாதிப்பு காரணமாக ஐரோப்பாவில் 2013-ல் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைகோனசோல் ஜெல்கூட வார்ஃபரினோடு ஒத்துப்போகாது. தடவுவதுதானே என்று அலட்சியம் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், அது போதும். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் எந்தப் புது மருந்து தொடங்கினாலும், எப்போது ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். மாதாந்தரப் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

படர்தாமரை இப்போது குறைந்துவிட்டது. இதய டாக்டரைக் கேட்டுவிட்டு, தடவும் கிரீம் மட்டும். துணியை நன்றாகக் காயவைத்துத்தான் உடுத்துகிறாள்.

போன வாரம் அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போனேன். "வேற மாத்திரை ஏதாவது...?" என்று அவர் ஆரம்பித்ததும், பழக்க தோஷம், நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, பர்ஸிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள். அவள் கையெழுத்து. முதல் வரியில் வார்ஃபரின், அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு.

34 வருடத்தில் இவ்வளவு சுத்தமான பட்டியல் ஒன்று என் மேஜைக்கு வந்ததில்லை.