கேட்டார்களா, கேட்கவில்லையா?

நீண்ட பதிவு. பொறுமையுடையோர் வாசிக்கலாம்.

அப்போஸ்தலர் நடபடிகள் நூலில் பவுலின் மனமாற்றம் மூன்று முறை சொல்லப்படுகிறது: 9ஆம் அதிகாரத்தில் நூலாசிரியர் கூற்றாக, 22, 26 ஆகிய அதிகாரங்களில் பவுலின் வாய்மொழியாக. தமஸ்குவை நெருங்கும் வழியில் ஒளி சூழ்கிறது; குரல் ஒன்று எழுகிறது. உடன்சென்றோர் அக்குரலைக் கேட்டனர், எவரையும் காணவில்லை என்கிறது 9:7. ஒளியைக் கண்டனர், குரலைக் கேட்கவில்லை என்கிறது 22:9. போதாக்குறைக்கு, முதற்கூற்றில் அவர்கள் திகைத்து நிற்கின்றனர். 26:14இல் எல்லாரும் தரையில் விழுகின்றனர். விவிலிய முரண்பாட்டுப் பட்டியல்களில் இவ்விடம் பெரும்பாலும் தவறாமல் இடம்பெறும்.

இதற்கு மரபான விடை ஒன்றுண்டு. அது இலக்கண விடை என்பதால் என் துறையினருக்கு இனிக்கும். கிரேக்கத்தில் ‘அகூஓ’, அதாவது ‘கேள்’ என்னும் வினையோடு ‘குரல்’ என்னும் பெயர் 9:7இல் ஆறாம் வேற்றுமையிலும் 22:9இல் இரண்டாம் வேற்றுமையிலும் வருகிறது. ஆறாவது வந்தால் ஒலி செவியில் விழுந்தது என்று பொருள், இரண்டாவது வந்தால் சொல் விளங்கியது என்று பொருள். ஆகவே அவர்கள் ஓசையைக் கேட்டனர், உரையை உணரவில்லை. முரண் தீர்ந்தது என்பர். ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில 22:9இல் ‘விளங்கிக்கொள்ளவில்லை’ என்றே எழுதிவிடுகின்றன.

தமிழ்க் காதுக்கு இவ்விளக்கம் எளிதில் பிடித்துப்போகும். ‘எனக்குக் கேட்டது’ என்பதும் ‘நான் கேட்டேன்’ என்பதும் நம் மொழியில் ஒன்றல்ல. முன்னதில் ஒலி தானே வந்து சேர்கிறது. பின்னதில் நாம் செவிகொடுக்கிறோம். ‘சொன்னால் கேட்கமாட்டான்’ என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் தாய் அவன் செவிப்புலனைக் குறை கூறவில்லை. ஐதராபாத்தில் நான் செய்துவரும் முனைவர் பட்ட ஆய்வே இத்தகைய நான்காம் வேற்றுமைத் தொடர்களைப் பற்றியதுதான். எனவே வேற்றுமை உருபு பொருளை மாற்றும் என்பதில் எனக்குத் தயக்கம் சிறிதுமில்லை.

தயக்கம் லூக்காவைப் பற்றியது. அவர் இவ்விதியைப் பின்பற்றவே இல்லை. 22:9க்கு இரண்டே வசனம் முன்னால், 22:7இல், பவுல் தாம் குரலைக் கேட்டதாகச் சொல்கையில் ஆறாம் வேற்றுமையே வருகிறது. அவருக்கோ ஒவ்வொரு சொல்லும் விளங்கிற்று. அதே நிகழ்வு 9:4இலும் 26:14இலும் இரண்டாம் வேற்றுமையில் வருகிறது. ஒரே மனிதர், ஒரே குரல், ஒரே செவி. உருபு மட்டும் மாறுகிறது. விதியை ஓரிடத்தில் ஏற்றி, பக்கத்து வசனத்தில் இறக்கிவைப்பது இலக்கணமாகாது. இதை நம்பிக்கையற்றோர் மட்டும் சொல்லவில்லை. டாலஸ் இறையியல் கல்லூரியின் டேனியல் வாலஸ் பழமைநிலை இவாஞ்சலிக்கர். 1996இல் வெளிவந்த தம் கிரேக்க இலக்கண நூலில் புதிய ஏற்பாட்டிலுள்ள விதிவிலக்குகளைக் காட்டி, இவ்வேறுபாட்டின்மீது சுமை ஏற்றக் கூடாதென்றே வாதிடுகிறார்.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம் என் சித்தப்பா. சபை ஊழியர்; ஊரில் பலருக்கு ஜெபிக்கும் கை அவருடையது. அவர் மகன், எனக்குத் தம்பி, பொறியியல் இரண்டாமாண்டு படிக்கிறான். இத்தகைய பட்டியல் ஒன்றைப் படித்தது முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியிலேயே இருந்துவிடுகிறானாம். “நீ கிரேக்கம் படிச்சிருக்க. அந்த ஆறாம் வேற்றுமை விளக்கத்தை நீயே அவனுக்கு எழுதி அனுப்பு. நீ சொன்னா நம்புவான்” என்றார் சித்தப்பா. நான் சொன்னால் அவன் நம்புவான் என்பது உண்மை. அதனாலேயே என்னால் அதை எழுத இயலவில்லை. ஒரு மாலைப் பொழுது செலவிட்டால் 22:7ஐ அவனே கண்டுபிடித்துவிடுவான். பிறகு பட்டியல்காரர்களிடம் போன நம்பிக்கையோடு எங்கள் இருவர் மீதுள்ள நம்பிக்கையும் போகும்.

அவனுக்கு எழுதியது வேறு. மூன்று கூற்றுகளையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொன்னேன். 9ஆம் அதிகாரத்தில் அனனியா ஒரு சீடர். 22இல் பவுல் எருசலேம் யூதக் கூட்டத்தின்முன் நிற்கிறார். அங்கே அனனியா திருச்சட்டப்படி பக்தியுள்ளவர், யூதர் அனைவரிடமும் நற்பெயர் பெற்றவர். 26இல் அகிரிப்பா அரசன் முன்னிலையில் அனனியா காணாமலே போகிறார். பவுலின் பணி என்னவென்று ஆண்டவரே நேரில் சொல்லிவிடுகிறார். அதே கூற்றில்தான், எபிரெய மொழியில் பேசியதாகச் சொல்லப்படும் குரல், தாற்றுக்கோலை உதைப்பது பற்றிய பழமொழியைக் கூறுகிறது. அது கிரேக்க நாடகங்களில் வழங்கிய பழமொழி, அரசவைக்குப் பொருத்தமானது. எழுதியவர் ஒருவரே. முதற்கூற்றை எழுதிய கையே மூன்றாவதையும் எழுதியது. அவர் தவறவிட்டார் என்பதைவிட, இவற்றைப் பொருட்படுத்தவில்லை என்பதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஆதிலாபாத் பகுதியில் கோண்டி பேசும் மூதாட்டியர் சொல்லும் கதைகளைப் பதிவுசெய்கையில், ஒரே கதை கேட்போருக்கேற்ப மாறுவதை வாரந்தோறும் காண்கிறேன். அவர்களைப் பொய்யர் என்று குறிப்பேட்டில் நான் எழுதுவதில்லை.

‘குரலைக் கேட்டும் உணரவில்லை’ என்னும் வாசிப்பே பொய் என்றும் நான் சொல்லவில்லை. யோவான் 12இல் வானத்துக் குரலைக் கூட்டத்தார் இடிமுழக்கம் என்கின்றனர். அப்படியொரு பொருள் இங்கும் இருந்திருக்கலாம். ஆனால் வேற்றுமை உருபு அதற்குச் சாட்சி சொல்லாது.

எல்லாவற்றையும் இசைவித்தே தீரவேண்டும் என்ற பிடிவாதம் எங்கே கொண்டுபோகும் என்பதற்கு 1537இல் நற்செய்தி இசைவு நூல் வெளியிட்ட ஒசியாண்டர் சான்று. விவரம் வேறுபட்டால் நிகழ்வும் வேறு என்றார். யவீருவின் மகள் ஒருமுறைக்கு மேல் இறந்து எழவேண்டியதாயிற்று. இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் நான்கு நற்செய்திகளையும் ஒன்றாகப் பின்னியது இதைவிட அழகான முயற்சி. சிரியத் திருச்சபைகள் அந்நூலை நெடுங்காலம் ஓதின. ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் தியோதரேத்து அதன் இருநூறுக்கும் மேற்பட்ட படிகளை அகற்றி, நான்கு தனி நற்செய்திகளையே வைத்தார். முரணற்ற ஒரே நூல் கையிலிருந்தும் திருச்சபை நான்கினைத் தேர்ந்தது. (ஆயர் கையாண்ட முறையை நான் பாராட்டவில்லை, படியெடுத்தவர்களின் உழைப்பை எண்ணினால் நெஞ்சு பதைக்கிறது.)

எல்லா முரண்களும் இவ்வகைப்பட்டவை அல்ல. அரசனானபோது அகசியாவின் வயது 22 என்கிறது இரண்டாம் இராஜாக்கள் 8:26. இரண்டாம் நாளாகமம் 22:2இன் எபிரெயப் பாடம் 42 என்கிறது. அவன் தந்தை யோராமோ 32 வயதில் அரசனாகி, எட்டாண்டு ஆண்டு மாண்டவன். மகன் தந்தையைவிட மூத்தவனாக இருக்க முடியாது. இங்கே கேட்போரும் இல்லை, சூழலும் இல்லை. படியெடுத்தவர் கை எங்கோ பிசகியிருக்கிறது, அவ்வளவே. தம்பிக்கு எழுதிய மடலில் இதையும் சேர்த்தேன். சித்தப்பாவுக்கும் ஒரு படி அனுப்பியிருக்கிறேன்.