முத்திரைக்கு உரியவன் எவன்?

யாழ்ப்பாண நகரிலிருந்து மானிப்பாய் வீதி வழியே செல்வோர்க்கு ஆனைக்கோட்டை என்றதும் நல்லெண்ணெய்தான் நினைவுக்கு வரும். நாமும் மாணவர் சிலரும் அவ்வூருக்குச் சென்றது எண்ணெய்க்காக அன்று. (திரும்புகையில் ஒரு போத்தல் வாங்கினோம் என்பதை மறைப்பானேன்!) பெயர் தெரிந்தும் ஆள் தெரியாத ஒருவனைப் பற்றி, அவன் மண்ணிலேயே நின்று பேசச் சென்றோம்.

1980ஆம் ஆண்டிலே பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் இங்கு ஆய்வு நடத்தியபோது, பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமக் குழியொன்றில், எலும்புக்கூட்டின் அருகே சிறு முத்திரையொன்று கிடைத்தது. கி. மு. 3ஆம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் அதன் மேல்வரியிற் குறியீடுகள்; கீழ்வரியிற் பிராமி எழுத்துக்கள். 'கோவேத' என வாசித்தனர். 'கோவேந்தன்' என்னும் சொல்லோடு அதனை இணைத்து நோக்குவாரும் உளர். கோ என்பதும் அரசன். வேந்தன் என்பதும் அரசனே.

"ஐயா, அங்கே கிடந்தவர் அரசரா, அரசரின் முத்திரையைச் சுமந்த ஏவலாளரா?" என்றான் ஒரு மாணவன்.

நல்ல கேள்வி. ஏவலாளன் இறந்தால் முத்திரை அடுத்தவன் கைக்குப் போயிருக்கும்; பிணத்தோடு மண்ணுக்குள் போயிராது. எனவே அது அவனுக்கே உரியது என்பது எமது துணிபு. ஆயினும் நாடாண்ட மன்னன் என்று சொல்லத் துணியோம்; ஊர்த்தலைவன் என்பதே பொருந்தும்.

"அப்படியானால் அவர் மகன் எந்த முத்திரையைப் பதித்தான்?" என்றான் அவன் மீண்டும்.

நல்ல வேளை, யாழ்ப்பாண பஸ் வந்துவிட்டது.