தொள்ளாயிரம் வெள்ளி

என் இளமைப் பருவத்தில் எங்கள் தெரு எதிர்பார்த்திருந்த செய்திகள் இரண்டே. ஒன்று, கப்பல் வந்தது. மற்றொன்று, காயிதம் வந்தது. நாகூரை அடுத்த சிற்றூர் எங்களுடையது. வீட்டுக்கு ஒருவராவது 'சபுர்' போயிருப்பார். சபுராளிகளில் பெரும்பாலோர் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கடைகளில் நின்றவர்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகச் சென்ற 'சிதம்பரம்' கப்பலில் ஏறிப் போவார்கள். அதே கப்பலில் திரும்பி வருவார்கள். 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றிப் பல உயிர்களைப் பலி வாங்கியது. அத்துடன் அந்தப் போக்குவரத்தும் நின்றது.

மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த நான் தெருப் பெண்களுக்குக் காயிதம் எழுதிக் கொடுக்கும் பிள்ளையாகவும் இருந்தேன். ஸலாம், நலம் விசாரிப்பு, பிள்ளைகளின் படிப்பு, மழை, மாடு எல்லாம் சொல்லி முடித்த பின்னரே, இறுதி வரியில், "பணம் இன்னும் வந்து சேரவில்லை" என்று எழுதச் சொல்வார்கள். வங்கி டிராஃப்டில் வரும் பணத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். உண்டியல் வழியாக வருவது அதனினும் விரைவு. ஆனால் சட்டத்துக்குப் புறம்பு. அனுப்பிய பணம் வீடு சேர்ந்ததா என்பதை அறிய என் வாப்பா மறு காயிதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கவலையிலேயே அவர்களுடைய பாதி ஆயுள் கழிந்தது எனலாம்.

மர்ஹூம் வாப்பா அவர்கள் 1984இல் ஊரோடு வந்து சேர்ந்தார்கள், 1987இல் மௌத்தானார்கள். 2023ஆம் ஆண்டு என் உம்மாவும் இறையடி சேர்ந்தார்கள். நாற்பதாம் நாள் கழிந்து உம்மாவின் பெட்டியைத் திறந்தபோது, துணிகளுக்கு அடியில் ஒரு நீண்ட கணக்குப் புத்தகம் கிடைத்தது. வாப்பாவின் கையெழுத்து, முழுவதும் அரபுத் தமிழ். தமிழ் எழுத்தை அவர்கள் கற்கவில்லை. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அந்தப் பழைய வழக்கமே அவர்களுக்குத் தெரிந்த ஒரே எழுத்து முறை. எங்கள் வீட்டில் இன்று அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே.

வரவு, செலவு, கைமாற்று என்று ஒவ்வொன்றும் தேதியுடன் இருந்தது. கொடுத்து முடித்த கடனின் மேல் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் 'அதா' என்ற ஒரு சொல். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். 1981ஆம் ஆண்டு. என் லாத்தாவின் நிக்காஹ் நடந்த ஆண்டு. தம்முடன் ஒரே அறையில் தங்கியிருந்த கூட்டாளியிடம் வாங்கிய கைமாற்று, வெள்ளி 900. அதன்மேல் கோடு இல்லை. 'அதா' என்ற சொல்லும் இல்லை.

அந்தக் கல்யாணத்தில் நான் பதின்மூன்று வயதுப் பிள்ளை. தேங்காய்ச் சோறும் களரிச் சாப்பாடும் நினைவிருக்கின்றன. அவை எவருடைய பணம் என்பதை அறிய எனக்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

மையித்தின் சொத்தில் முதலில் கடன், பிறகு வஸிய்யத், அதன் பிறகே வாரிசுப் பங்கு. இதைப் பல நூறு மாணவர்களுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். நாங்களோ வாப்பாவின் வீட்டை என்றோ பங்கிட்டுக்கொண்டோம். கடனை எழுதி வைத்துக்கொள்ளுமாறு திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் பணிக்கிறது. வாப்பா எழுதித்தான் வைத்தார்கள். பிள்ளைகள் நாங்கள்தாம் வாசிக்கவில்லை.

தம்பியை அழைத்துச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை, கணக்கில்தான் மாறுபட்டான். "1981இல் ஒரு வெள்ளி நாலு ரூபாய் சொச்சம். ஆகக் கடன் நாலாயிரம் ரூபாய்க்கும் குறைவு. பத்தாயிரமாகவே கொடுத்து முடித்துவிடுவோம், நானா" என்றான். இன்றோ ஒரு வெள்ளி அறுபது ரூபாயைத் தாண்டிவிட்டது. அவன் கேட்டது நியாயம்போல் தோன்றும். ஆனால் வாப்பா வாங்கியது ரூபாய் அன்று, வெள்ளி. கடன் எந்த நாணயத்தில் ஏற்பட்டதோ அந்த நாணயத்திலேயே, அதே எண்ணிக்கையில் தீர்க்கப்பட வேண்டும். விலையின் ஏற்றத் தாழ்வைக் கணக்கிடுவதில்லை. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவையின் முடிவும் இதுவே. வெள்ளியின் மதிப்பு வீழ்ந்திருந்தாலும் நாங்கள் 900 வெள்ளிதான் கொடுத்திருப்போம். ஏறியிருப்பதால் மட்டும் சட்டத்தை மாற்றுவது எப்படி? தம்பி சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "சரி, பாதி என் பொறுப்பு" என்றான்.

கடன் கொடுத்தவரும் உயிருடன் இல்லை. 1999இல் சிங்கப்பூரிலேயே மௌத்தாகிவிட்டார்கள்; மனைவி அவர்களுக்கு முன்பே போய்விட்டார். வாரிசுகள் இருவர். மகன் சிங்கப்பூரில், மகள் எங்கள் ஊரிலேயே, இரண்டு தெரு தள்ளி. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதப்படி மகனுக்கு 600, மகளுக்கு 300.

முதலில் அந்த லாத்தாவின் வீட்டுக்குப் போனேன். கணவரை இழந்தவர், தையல் தைத்துக் காலம் தள்ளுகிறவர். விவரத்தைச் சொன்னேன். திரைக்குப் பின்னிருந்து, "மன்னித்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை, ஹஜ்ரத். ஆனால் எனக்கு வேண்டும்" என்றார். அந்தச் சொல்லில் இருந்த நேர்மை என்னை நெகிழச் செய்தது. அவருடைய ஹக்கை அவர் கேட்டார். அன்றைய விலையாக வெள்ளி ஒன்றுக்கு 63 ரூபாய் என்று இருவரும் ஒப்பி, 18,900 ரூபாயைக் கையில் கொடுத்தேன். இரண்டு முறை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

மகனுக்கு எப்படி அனுப்புவது என்பது அடுத்த வினா. என் இளைய மகள் கைப்பேசியைக் காட்டி, "இதிலேயே அனுப்பலாம், வாப்பா" என்றாள். நான் நம்பவில்லை. பிறகு விசாரித்து அறிந்துகொண்டேன்.

நம் நாட்டில் 2016இல் தொடங்கிய யூ.பி.ஐ. முறையை இன்று காய்கறிக் கடைக்காரரும் அறிவார். சிங்கப்பூரில் அத்தகைய முறைக்குப் 'பேநவ்' என்று பெயர், 2017இல் வந்தது. கணக்கு எண்ணை அறிய வேண்டியதில்லை. பெறுபவரின் கைப்பேசி எண்ணே போதும். சிங்கப்பூர் தன்னுடைய முறையை 2021இல் தாய்லாந்தின் முறையுடன் இணைத்தது. 2023 பிப்ரவரி 21 அன்று நம் நாட்டு முறையுடனும் இணைத்தது. இரு நாட்டுப் பிரதமர்களும் காணொளியில் பார்த்திருக்க, நம் ரிசர்வ் வங்கியின் ஆளுநரும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிர்வாக இயக்குநரும் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பி அதைத் தொடங்கி வைத்தார்கள். தொடக்கத்தில் இங்கிருந்து அனுப்பும் வசதி நான்கு வங்கிகளின் வாடிக்கையாளருக்கே கிடைத்தது; நாளொன்றுக்கு 60,000 ரூபாய், அதாவது ஏறத்தாழ ஆயிரம் வெள்ளி, எல்லையாக வைக்கப்பட்டது. என் கணக்கு அந்த நான்கில் ஒன்றில் இருந்தது. இங்கே ரூபாய் கழியும். அங்கே வெள்ளி ஏறும். இரவு, விடுமுறை என்ற வேறுபாடு இல்லை.

இதைக் கேட்டபோது 'ஸர்ஃப்' பாடம் என் நினைவுக்கு வந்தது. ஒரு நாணயத்தை மற்றொரு நாணயத்துக்கு மாற்றும்போது, இரு தரப்பாரும் பிரிவதற்கு முன் அந்த இடத்திலேயே கைக்குக் கை மாற வேண்டும் என்பது நிபந்தனை. டிராஃப்ட் காலத்தில் மாணவர்கள், "பணம் இங்கே, வெள்ளி அங்கே, கை எங்கே மாறுகிறது, ஹஜ்ரத்?" என்று கேட்டால் விடை சொல்லச் சற்றுத் தடுமாறுவேன். கணக்கில் வரவு வைப்பதும் கையில் பெறுவதற்கு ஒப்பாகும் என்று 1990இல் ஜித்தாவில் கூடிய அதே பேரவை முடிவு செய்தது. இப்போதோ மூச்சு விடும் நேரத்தில் வரவு ஏறிவிடுகிறது. பழைய ஃபகீஹ்களின் நிபந்தனைக்குப் பழைய டிராஃப்டைவிட இந்தப் புதிய முறையே நெருங்கி நிற்கிறது. இதை எண்ணி வியந்தேன்.

சிக்கல் வேறோர் இடத்தில் காத்திருந்தது. பணம் எதற்காக அனுப்பப்படுகிறது என்று கேட்கிறார்கள். இந்த வழியில் அனுமதிக்கப்பட்ட காரணங்கள் இரண்டே: வெளிநாட்டில் உள்ள உறவினரின் பராமரிப்பு, அன்பளிப்பு. எங்கள் கிதாபுகளின் மொழியில் ஒன்று நஃபகா, மற்றொன்று ஹிபா. கடன் தீர்ப்பது இரண்டிலும் சேராது. அவரோ எனக்கு உறவினரும் அல்லர்.

"அன்பளிப்பு என்று போடுங்கள், வாப்பா. யார் கேட்கப் போகிறார்கள்?" என்றாள் மகள்.

கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டேன். வாப்பாவின் கபுரை ஒரு கடனிலிருந்து விடுவிக்கப் புறப்பட்டவன், அதை ஒரு பொய்யின் மீதேறிச் செய்வதா? இது அற்ப விஷயமாகச் சிலருக்குத் தோன்றலாம். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வாய்மையைப் போதித்துச் சம்பளம் வாங்கியவனுக்கு அப்படித் தோன்றவில்லை.

வேறு வழி கேட்பதற்காகச் சிங்கப்பூருக்கே பேசினேன். அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஹஜ்ரத், அந்த அறையில் நான் சிறு பிள்ளையாக உங்கள் வாப்பாவின் மடியில் இருந்திருக்கிறேன். என் வாப்பா ஒருநாளும் இந்தக் கடனைப் பற்றி வாய் திறந்ததில்லை. என் பங்கை நான் மன்னித்துவிட்டேன். இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம்." தம் சிறு வயதில் தாம் அங்கே வந்திருந்ததையும், வாப்பா தமக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுத்ததையும் சொன்னார். எங்களுக்கு மணியார்டர் படிவத்தில் மட்டுமே கிடைத்த வாப்பா, அங்கே இன்னொரு பிள்ளைக்கு ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு எனக்குச் சற்றுப் பொறாமையும் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

கடன் நீங்கிவிட்டது. தம்பி, "அல்ஹம்துலில்லாஹ், முடிந்தது" என்றான். என் வீட்டுக் கூரை அந்த மழையில் ஒழுகிக்கொண்டிருந்தது. எடுத்து வைத்த பணம் அதற்குச் சரியாக இருக்கும் என்று மனைவி சொன்னார். ஷரீஅத்தின்படி என்மீது எந்தக் கடமையும் இல்லை. இரண்டு நாள் நானும் கூரையைப் பற்றியே எண்ணினேன்.

ஆயினும் அந்தப் பணம் என் வீட்டில் தங்க மனம் ஒப்பவில்லை. கடமை நீங்கிய பிறகு கொடுத்தால் அதுவே உண்மையான ஹிபா. கைப்பேசி கேட்ட கேள்விக்கு இப்போது மெய்யான விடை என்னிடம் இருந்தது. ஆனால் உடனே அனுப்ப அஞ்சினேன். மன்னிப்புக்குக் கைம்மாறுபோல் அது நின்றால், பெயரை மாற்றிக் கடனைத் தீர்க்கும் தந்திரமாகிவிடும் அல்லவா? மன்னிப்பு மன்னிப்பாகவும் அன்பளிப்பு அன்பளிப்பாகவும் தனித்தனியே நிற்க வேண்டும். ஆகவே ஒரு வாரம் பொறுத்தேன். நொடியில் போகும் பணத்தை ஏழு நாள் நிறுத்தி வைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று மகள் சிரித்தாள். எண்ணம் தெளிய அத்தனை நாள் தேவைப்பட்டது.

எட்டாம் நாள் இஷாவுக்குப் பிறகு 600 வெள்ளிக்குரிய தொகையை அனுப்பினேன். எண்ணைப் போட்டதும் திரையில் அவர் பெயர் தோன்றியது. அந்தப் பெயரைச் சரிபார்த்துக்கொள்வது மிக அவசியம். தவறான எண்ணுக்குப் போய்விட்டால் நொடியில் சென்றது நொடியில் திரும்பாது. காரணம் கேட்ட இடத்தில் 'அன்பளிப்பு' என்பதைத் தொட்டேன். கை நடுங்கவில்லை.

ஓரிரு நிமிடங்களில் அவரே அழைத்துவிட்டார். "இது என்ன, ஹஜ்ரத்?" என்றார். "கடன் அன்று. வாப்பாவிடம் அலிஃப், பே ஓதிய பிள்ளைக்கு அவர்களுடைய பிள்ளை தரும் ஹதியா" என்றேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. அன்றிரவு நாங்கள் பேசி முடிக்க நள்ளிரவாயிற்று. பணத்தைப் பற்றிப் பேசியது அந்த முதல் நிமிடம் மட்டுமே.

மறுநாள் சுப்ஹுக்குப் பின் வாப்பாவின் புத்தகத்தை எடுத்தேன். அந்த வரியின் குறுக்கே கோடிட்டு, அவர்களுடைய எழுத்திலேயே எழுதினேன்: 300 அதா, 600 மன்னிக்கப்பட்டது. அனுப்பிய அன்பளிப்பை அதில் எழுதவில்லை. அது கடன் கணக்கைச் சேர்ந்ததன்று.

வாசகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவர்களின் பெட்டிகளில் இத்தகைய புத்தகங்கள் இருக்கக்கூடும். வாசிக்கத் தெரிந்தவர்களைக் கொண்டு வாசியுங்கள். பங்கு பிரிக்கும் முன்பே வாசியுங்கள். நீங்கள் வாங்கியதையும் கொடுத்ததையும் உங்கள் பிள்ளைகள் படிக்கக்கூடிய எழுத்தில் குறித்து வையுங்கள். பணம் இன்று கடலை ஒரு நொடியில் கடக்கிறது. அந்த 900 வெள்ளியோ உம்மாவின் பெட்டியிலிருந்து என் கைக்கு வர நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.