காஷ்மீரி கேட்டும் நமது காரும்

டில்லியில் வாழும் நம்மவர்களுக்குக் காஷ்மீரி கேட் என்றதும் வெளியூர் பஸ் நிலையமும், மூன்று மெட்ரோ தடங்கள் சந்திக்கும் இடமும் நினைவுக்கு வரும். ஷாஜஹான் எழுப்பிய நகர மதிலின் வடபுற வாயில் அது. 1835-இல் ராபர்ட் ஸ்மித் என்னும் இராணுவ எஞ்சினீயர் அதனைத் திருத்தி அமைத்தார். 1857 செப்டம்பரில் நடந்த போரின் குண்டு வடுக்களை அதன் சுவரில் இன்றும் காணலாம்.

கார் வைத்திருப்போருக்கு அவ்விடம் வேறொரு வகையிலும் முக்கியமானது. வாயிலை அடுத்த தெருக்கள் முழுவதும் மோட்டார் உதிரிப் பாகக் கடைகள். அவற்றின் பின்புறச் சந்துகளில் லேத் பட்டறைகள். சென்ற கோடையில் அங்கே செல்லும் அவசியம் நமக்கு நேர்ந்தது.

2012-இல் திறக்கப்பட்ட 165 கிலோமீட்டர் யமுனா விரைவுச் சாலையில் குடும்பத்துடன் ஆக்ராவுக்குச் சென்றோம். பாதி வழியில் உஷ்ணமானியின் முள் உயர்ந்தது. உடனே நிறுத்தினோம். ஆயினும் அதன் பிறகு இன்ஜின் சரியாக ஓடவில்லை. கார் வாங்கி ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. உரிய காலத்தில் சர்வீஸும் செய்திருந்தோம். இழுத்துச் சென்ற பட்டறையில், "இன்ஜின் முழுவதையும் மாற்ற வேண்டும்" என்றார்கள். கேட்ட தொகை, காரை விற்றால் கிடைக்கும் விலையில் பாதிக்கு மேல்! குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்தையும், ஊருக்குச் செல்லும் பிரயாணத்தையும் விழுங்கிவிடும் தொகை அது. "கழற்றி அளந்து பார்த்தீர்களா?" என்று வினவினோம். அதற்குத் தெளிவான பதில் இல்லை.

காஷ்மீரி கேட் மிஸ்திரி ஒருவர் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, அதன் மேல் நேரான இரும்புச் சட்டத்தை வைத்து, இடையில் மெல்லிய தகட்டைச் செருகிப் பார்த்தார். "பாபுஜி, இன்ஜின் சாகவில்லை, ஹெட் வளைந்திருக்கிறது, அவ்வளவே" என்றார். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியில் மயிரிழைக் கீறல் விழுந்து, கூலன்ட் கசிந்திருக்கிறது. குளிர்விக்கும் நீர் குறைந்தால் அலுமினிய ஹெட் அளவுக்கு மீறிச் சூடேறி வளைகிறது. கேஸ்கெட் பழுதாகி, நீர் சிலிண்டருக்குள்ளும் ஆயிலிலும் புகுகிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைவே இத்தனை கேட்டுக்கும் போதும். சிலிண்டர் சுவர்களில் கீறல் இல்லாததால், ஹெட்டைச் சமன் செய்து, ரேடியேட்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றியதோடு வேலை முடிந்தது. செலவு, முன்பு கேட்ட தொகையில் கால் பங்குக்கும் குறைவு.

அன்பர்கள் சிலவற்றை மனத்தில் கொள்வது நலம். இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். குழாயின் உப்பு நீரை ஊற்றலாகாது. வெளியே கசிவின்றி அளவு குறைந்தாலும், புகை விடாமல் வெண்மையாக வந்தாலும், ஆயில் பால் கலந்தாற்போல் தோன்றினாலும் தாமதிக்கலாகாது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. பழுது பார்க்கையில், அளந்த விவரத்தையும் செலவு மதிப்பீட்டையும் எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் ரசீதையும் பெற்றுக்கொள்ளுங்கள். வழக்கு நேர்ந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அந்த ரசீதே சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அயலூரில் நமக்கு அறிந்த மெக்கானிக் இல்லாதிருக்கலாம். எனினும், "அளந்து காட்டுங்கள்" என்று கேட்க எந்த ஊரிலும் நமக்கு உரிமை உண்டு.