முதல் கோடு

எக்செல் ஷீட்டில் கணக்குப் போட்டவராக இருந்தால் உங்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். வேண்டாத வரிதானே என்று ஒன்றை டெலிட் செய்வீர்கள். அடுத்த நொடி, எங்கோ பத்து வரி தள்ளி, மொத்தத் தொகை இருந்த இடத்தில் 'ரெஃப்' என்று ஒரு ஆச்சரியக்குறியோடு முறைக்கும். பி.காம். படித்த எனக்கு இது பழகிய பேய். கம்ப்யூட்டரில் மெஷின் வரைகிறவர்கள் இதே பேயோடு குடும்பமே நடத்துகிறார்கள் என்பது போடிநாயக்கனூரில்தான் தெரிந்தது.

போடி, ஏலக்காய் ஊர். மலையில் காயவைத்து இறக்கிய காயை அளவுவாரியாகப் பிரிக்க உருளைச் சல்லடை உண்டு. 8 மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, 7-க்கு வேறு விலை. இந்தச் சல்லடை செய்கிற பட்டறை ஒன்றில், டிசைன் பார்க்கும் தம்பி திரையைக் காட்டினார்.

"இது வெறும் படம் இல்லண்ணே. ஒண்ணைப் பிடிச்சு ஒண்ணு தொங்குது."

முதலில் ஒரு வட்டம், 600 மில்லிமீட்டர். அதை இழுத்தால் உருளை. அதைப் பிடித்து வளையம், மூடி, மோட்டார் ஸ்டாண்டு. 600-ஐ 700 ஆக்கினால் எல்லாம் தானாகப் பெருக்கின்றன. துளைகளின் இடைவெளியை '10' என்று எழுதாமல், 'துளையோடு 3 கூட்டு' என்று எழுதியிருந்தார். துளை 7-லிருந்து 8 ஆனால் இடைவெளி 11 ஆகிவிடும். நடுவில் நிற்கும் தகடு மெலியாது. கெட்டிக்காரத்தனம்!

வரைந்த கோட்டுக்குக் கட்டளை போடும் இந்த யோசனை 1963-லேயே எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் செய்து காட்டியது. 'நீ அதற்கு இணையாக இரு' என்றால் கோடு கேட்கும். அதைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோனதில் பெரும் பங்கு, சாமுவேல் கெய்ஸ்பெர்க் 1985-ல் தொடங்கிய பி.டி.சி. கம்பெனிக்கு.

சரி, பேய் எங்கே? ஒரு வாடிக்கையாளர் உருளை வேண்டாம், ஆறு பட்டையாக வேண்டும் என்றாராம். சீசன் தொடங்கப்போகிற நேரம். ஃபைலை வரைந்தவரோ வேலையை விட்டுப் போயாச்சு. தம்பி எனக்காக வட்டத்தை அழித்துக் காட்டினார். பக்கத்துப் பட்டியல் முழுக்கச் சிவப்பு!

"அதே இடத்துல அதே அளவுல வேற வட்டம் போட்டாலும் ஒத்துக்காதுண்ணே."

ஏனென்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் உள்ளே ஒரு அடையாளம் உண்டு. தொங்குகிறவர்களுக்கு அதுதான் தெரியும், முகம் தெரியாது. அச்சு அசல் அதே ஜாடையில் வந்தாலும் ரேஷன் கார்டில் பேர் இல்லையே!

அழித்ததைத் திரும்ப வரவழைத்துவிட்டு, அவர் செய்த வைத்தியம் எனக்குப் பிடித்தது. முதலில் பேரன்ட்-சைல்டு பட்டியலைத் திறந்து, யார் யார் வட்டத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தார். பிறகு வட்டத்தை அழிக்காமல், 'கன்ஸ்ட்ரக்‌ஷன் லைன்' ஆக்கினார். அதாவது, வழிகாட்ட இருக்கும், இரும்பாக மாறாது. (ரிட்டையர்டு தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்களேன்.) ஆறு மூலையும் அதைத் தொடுகிற மாதிரி அறுகோணம் போட்டார். வட்டத்தையே பிடித்திருந்த வளையங்கள் அசையவில்லை. மூடி மட்டும் உருளையின் வளைந்த பக்கத்தைப் பிடித்திருந்தது. அந்தப் பக்கமே இப்போது இல்லை. புதிய பக்கத்தைக் கையால் காட்டிவிட்டார். சிவப்பு போய்விட்டது.

பட்டறைக்கு வெளியே மலை தெரிந்தது. அந்த ஏலமலைக்கும் ஒரு முதல் கோடு உண்டு. 1897-ல் திருவிதாங்கூர் அரசு போட்ட அறிவிப்பு. காடு என்று அதில் சொன்னது 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதுதான் தகராறு. முன்னால் நிற்கிற ஒரு '2'! அதைப் பிடித்துத் தொங்குபவை தோட்டம், வீடு, கடை, பட்டா. போடிக்காரர்கள் பலருக்கும் தோட்டம் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம்தான். இதில் மண் வருவாய்த் துறைக்கு, மரம் வனத்துறைக்கு என்று கேரளத்தில் ஏற்கெனவே ஒரு பாகப்பிரிவினை வேறு. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போய், புதிதாகப் பட்டா கொடுக்கக் கூடாது என்று 2024-ல் இடைக்கால உத்தரவு வந்தது.

தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பழைய ஃபைல் யார்கிட்ட இருக்குண்ணே?"