சராசரியில் சிக்காத மீன்

ஆற்றின் வேகத்தை அளப்பதே என் ஆய்வின் அன்றாட வேலை. நீர்ப்பரப்பிலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்கு கீழே ஓட்டமானியை நிறுத்தினால், அந்த இடத்தின் சராசரி வேகம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஆற்றைப் பற்றி எனக்குத் தெரியும் என்ற துணிவு இப்படித்தான் வந்தது. அந்தத் துணிவோடு இமாசலத்தின் மண்டி மாவட்டத்தில், பரோட் ஊரையொட்டி ஓடும் ஊல் ஆற்றங்கரையில், ஆறு ஞாயிற்றுக்கிழமைகளை வெறுங்கையோடு கழித்தேன்.

தூண்டில் எனக்குப் புதிதன்று. காவிரிப் படுகையின் வாய்க்கால்களில் மண்புழு கோத்து, தக்கை அமிழும்வரை காத்திருந்து வளர்ந்தவன். கலங்கிய நீரில் கெண்டைக்கு நம் உருவம் தெரியாது. பொறுமை இருந்தால் போதும். இங்கே மீன்வளத் துறையின் உரிமச் சீட்டும் சுழலும் உலோகத் தகடு பொருத்திய முள்ளும் வாங்கிக்கொண்டு, அதே பொறுமையைப் பனி உருகி வரும் நீரிடம் காட்டினேன். நான் தேடிய பழுப்பு டிரவுட்டும் இவ்வூருக்கு வந்தேறிதான். ஐரோப்பிய மீன், காஷ்மீர் வழியாக 1909இல் குல்லுப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. அது பழகிக்கொண்டுவிட்டது, நான் பழகவில்லை.

ஆறாம் ஞாயிறன்று, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் வெகுநேரம் என்னைப் பார்த்திருந்துவிட்டு, “தம்பி, நீங்கள் அதன் கண்ணெதிரே நிற்கிறீர்கள்” என்று இந்தியில் சொன்னார். இரை மேலிருந்து மிதந்து வருவதால் டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். நானோ மேற்புறம் நின்று, கூழாங்கற்களைக் கலக்கிவிட்டு, கீழ்நோக்கி வீசிக்கொண்டிருந்தேன். தெளிந்த நீரில் என் நிழலே அதற்கு எச்சரிக்கை. “கீழே போய், குனிந்து, மேல்நோக்கி வீசுங்கள். பாறைக்குப் பின்னால்” என்றார்.

பாறைக்குப் பின்னால்! அங்கே நீர் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மீன் அந்த நிழலில் வலுவைச் சேமித்து நின்றுகொண்டு, ஒரு முழம் தள்ளிப் பாயும் விரைவோட்டத்திலிருந்து பூச்சிப் புழுக்களைக் கவ்விக்கொண்டு திரும்புகிறது. என்னை உறுத்தியது வேறொன்று. அளவெடுக்க நேரான, சீரான, பாறைகளற்ற பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. ஆக, மூன்றாண்டுகளாக மீன் வாழும் இடங்களை மட்டும் கவனமாக விலக்கிவிட்டு, மின்திட்டங்களுக்கு நீரைத் திருப்பிய பின் மீனுக்காக ஆற்றில் எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று ஓர் இயல் எழுதி முடித்திருக்கிறேன். கணக்கில் பிழையில்லை. மீன்தான் அதில் இல்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஒன்று சிக்கியது. சாணுக்குச் சற்று மிகுந்த நீளம். விலாவில் வெளிறிய வளையமிட்ட செம்புள்ளிகள். வயிறு சினையால் புடைத்திருந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய இனப்பெருக்கத்துக்காக இங்கே டிரவுட் பிடிக்கத் தடை. அதற்குச் சில நாள்களே மிச்சம். ஆனாலும் கை ஒப்பவில்லை. நீரோட்டத்தை நோக்கி முகம் இருக்குமாறு தாங்கிப் பிடித்தேன். செவுள்கள் சீராக அசையத் தொடங்கியதும் நழுவிப் போயிற்று.

மறுநாள் தூண்டிலை விட்டுவிட்டு ஓட்டமானியோடு அதே பாறைக்குப் போனேன். பின்புறம் வைத்தபோது கிண்ணங்கள் அசையவே இல்லை. ஒரு முழம் நகர்த்தியதும் எண்ண முடியாத வேகத்தில் சுழன்றன. இரண்டையும் குறித்துக்கொண்டேன். நெறியாளரிடம் அந்த இயலைத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.